ஆறாம் எண் விளக்கு

ஜூன் 4

நம் மகளின் அம்மாவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதையே வைத்துக்கொண்டேன். முகவரி மகளிடம் வாங்கினது. எதற்கு என்று கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்றேன். ரிடையர் ஆகி எட்டு வருஷமான ஆளுக்கு என்ன ஆபீஸ் விஷயம் என்று சிரித்தாள்.

நிஜமாகவே ஆபீஸ் விஷயம்தான். பாடநூல் துறை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் வகுப்புக்கு 'நாட்டைக் கட்டியவர்கள்' என்று புதுப் பாடம் எழுதியிருக்கிறார்களாம். முதல் அமைச்சரவைக் கூட்டங்களில் குறிப்பெடுத்தவர்களில் நானும் நீயும்தான் மிச்சம். நான் பாடத்தைப் படித்து 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஜூலை பதினைந்தில் அச்சுக்குப் போகிறது.

நாட்டின் முதல் தலைவர் என்று பெரியவருக்கு நான்கு பக்கம். துறைமுகம், இலவசப் பள்ளி, சாலையோரப் பிரசவ அறைகள். எல்லாம் அழகாக எழுதியிருக்கிறார்கள். மராமத்து அமைச்சருக்கு ஒரே வரி: 'ஆற்றங்கரை மக்களை இரக்கமின்றி வெளியேற்றச் சொல்லிப் பதவி இழந்தவர்.'

அந்த வரியில் கை நின்றுவிட்டது. அதிகாரி தண்ணீர் குடித்தார், மணி பார்த்தார். கண் சரியில்லை, வைத்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறேன், உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள். நாம் கூட்ட அறைக்குள் இருந்ததில்லை. பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேசுகிறவர் மேஜைக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் நம் பலகையில் அவர் நாற்காலி எண் எரியும். பெயர் எழுத நேரமிருக்காது, எண்ணை ஓரத்தில் போட்டுக்கொள்வோம். பெரியவர் ஒன்று, மராமத்து அமைச்சர் ஆறு. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். மாறும்போது பேசக் கூடாது. அடுத்தவருக்குத் தெரிய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆற்றங்கரை விஷயம் வந்த அன்று சாயங்கால வெயில் பெரியவர் முகத்தில் அடித்தது. கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். அவரும் மராமத்து அமைச்சரும் நாற்காலி மாற்றிக்கொண்டார்கள். அது உன் முறையில் நடந்தது. அடுத்த முறை என்னுடையது. ஆறு எரிந்தால் மராமத்து அமைச்சர் என்று எழுதினேன். ஒன்று எரிந்தால் பெரியவர் என்று எழுதினேன்.

ஒத்திகையே இவ்வளவு நீளம் போகிறது. உன் நோட்டு இன்னும் இருக்கிறதா? இல்லை என்று நீ எழுதினால் நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவேன் என்று நினைக்கிறேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

மகளின் அப்பா


ஜூன் 11

மகளின் அப்பாவுக்கு,

நோட்டு இருக்கிறது. உங்கள் நிம்மதிக்காக அதை எரிக்க முடியாது.

நீங்கள் எழுதாமல் விட்டதையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று ஆறாம் விளக்கு எரிந்தபோது கேட்ட வாக்கியம், 'மழைக்கு முன்னாடி ஆத்தங்கரையைக் காலி பண்ணிடுங்க, மாற்று இடம் அப்புறம் பார்த்துக்கலாம்.' துறைமுகத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. காலி செய்தார்கள். திறந்தவெளியில் மழையில் கிடந்து காய்ச்சலில் பத்தொன்பது பேர் போனார்கள். அதில் பதினொன்று குழந்தைகள். அடுத்த வருஷம் விசாரணையில் நீங்கள் தட்டச்சு செய்த குறிப்பைத்தான் சத்தமாகப் படித்தார்கள்.

சீட்டு வைக்காதது நான். ஏன் என்றும் சொல்கிறேன். மூன்று நாள் முந்தி கேன்டீனில் எல்லார் முன்னாலும், 'இவ குறட்டையைச் சுருக்கெழுத்துல எடுக்கலாம், நிமிஷத்துக்கு நூத்திருபது' என்றீர்கள். சூப்பிரண்டு வரை சிரித்தார். அன்றிலிருந்து உங்களோடு பேச்சு இல்லை. என் நோட்டு ஓரத்தில் ஒன்றுக்கும் ஆறுக்கும் இடையே அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன், உங்கள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனேன். சீட்டு எழுதுவதும் பேசுவது மாதிரிதானே, நானாக ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு அற்பமான காரணம்.

விசாரணை முடிந்த வாரம் உங்களிடம் சொன்னேன், போய்ச் சொல்லிவிடுவோம் என்று. ரெண்டு பேருக்கும் வேலை போகும் என்றீர்கள். உங்களை விட்டுவிட்டு எட்டு மாச வயிற்றோடு பஸ் ஏறினேன். வழியில் வலி எடுத்து, சாலையோரப் பிரசவ அறை ஒன்றில்தான் நம் மகள் பிறந்தாள். சுவரில் பெரியவர் படம் மாட்டியிருந்தது. ரோடு போடும்போதே பத்து கல்லுக்கு ஒரு அறையும் ஒரு மருத்துவச்சியும் வைக்கலாம் என்று சொன்னது யார் என்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்த எனக்கு மட்டும் தெரியும். மராமத்து அமைச்சர். அன்று, ஒன்றாம் நாற்காலியிலிருந்து.

இன்னொன்று. அவர் இந்த ஊரில்தான் இருக்கிறார். தங்கை மகன் வீட்டில். வயது எண்பத்தொன்று. பதினொரு வருஷமாக என் தட்டச்சு நிலையத்துக்கு வருகிறார். ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு வீட்டுமனை கேட்டு அவர் மனு சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். ஒவ்வொரு மனுவும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: 'என் சொல்லால் வீடிழந்த மக்களுக்காக.' நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பதினொரு வருஷமாக அந்த முதல் வரியை என் விரலால் அடித்துக்கொண்டிருக்கிறேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

கையெழுத்துப் போடாதீர்கள்.

மகளின் அம்மா


ஜூன் 17

நம் மகளின் அம்மாவுக்கு,

நீ எழுதியதை நான்கு தரம் படித்தேன். கோபம் வந்தது, இறங்கியது, திரும்ப வந்தது.

சீட்டு வைக்காதது நீ என்று நீயே சொல்கிறாய், சரி. இப்போது நான் போய் என்ன சொல்ல வேண்டும்? நாட்டுக்கு முதல் தலைவர் அவர். நாம் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கட்டடத்தில் நாற்காலியே இல்லை, பெட்டி மேல் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். கையில் ஒன்றுமில்லாத நாட்டுக்குப் பத்து வருஷத்தில் துறைமுகம், பள்ளிக்கூடம், சொந்த நாணயம் எல்லாம் வந்தது. அந்தத் துறைமுகம் இல்லாவிட்டால் நமக்குச் சம்பளம் எங்கிருந்து வந்திருக்கும்? அவர் கட்டினது பொய்யா? ஒரு வாக்கியத்துக்காக அவர் சிலையைச் சுரண்டச் சொல்கிறாயா?

அதிகாரியிடம் லேசாக வாயை விட்டுப் பார்த்தேன். குறிப்பில் ஒரு சின்னத் தவறு இருக்கலாம் என்றேன். 'பத்து வயசுப் பசங்களுக்கு அதெல்லாம் எதுக்கு சார், கையெழுத்துப் போடுங்க' என்றார். மரியாதையான மனுஷர்தான். போகும்போது, முதல் அமைச்சரவையின் சாட்சி என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பேசக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய்.

அமைச்சருக்கு எண்பத்தொன்று ஆகிவிட்டது. ஆறின புண்ணைக் கிளறி அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

மகளின் அப்பா


ஜூன் 24

மகளின் அப்பாவுக்கு,

ஆறின புண் என்று எங்கிருந்து பார்த்துச் சொன்னீர்கள்? நான் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

துறைமுகத்தைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை எடுக்கச் சொல்லவில்லை. அதெல்லாம் பெரியவர் செய்தது, நான்கு பக்கம் இல்லை, நாற்பது பக்கம் எழுதட்டும். அடுத்தவர் செய்ததை அவர் கணக்கிலும் அவர் சொன்னதை அடுத்தவர் தலையிலும் வைத்தது நாம். அதை மட்டும் எடுக்கச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை அமைச்சர் ஐயா வீட்டுக்குப் போனேன். நோட்டைக் காட்டி, நான் யார், என்ன செய்தேன் என்று முழுக்கச் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எனக்காகப் பொய் சொல்ல வந்திருக்கியாம்மா' என்றார்.

அவர் நம்பவில்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னது ஞாபகம் இருக்கிறதாம். எந்தச் சட்டை போட்டிருந்தார், சொன்ன பிறகு தண்ணீர் குடித்தார் என்பது வரை சொல்கிறார். விசாரணையில் படித்துக் காட்டியபோது முதலில் திகைத்தாராம். எழுத்தில் இருக்கிறதே, பொய்யாகவா இருக்கும் என்று நினைத்தாராம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்துவிட்டதாம். நடக்காத ஒன்றை ஞாபகம் வரவைத்திருக்கிறோம், பாருங்கள். வருஷா வருஷம் மழை ஆரம்பிக்கும் வாரத்தில் பஸ் பிடித்துப் போய் அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார். அவருக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. டாக்டர் பஸ்ஸே ஏறக் கூடாது என்கிறார். போன வாரமும் போய்விட்டு வந்தார்.

என் அம்புக்குறி மட்டும் போதவில்லை. அதற்கப்புறம் எந்த விளக்கு எரிந்தது, எவர் என்ன சொன்னார் என்பது உங்கள் நோட்டில் இருக்கிறது. மூன்று மாசத்தில் அழிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அழித்திருக்க மாட்டீர்கள். எதையும் அழித்துவிடுகிற ஆள் என்று ஆபீசில் உங்களுக்கு ரப்பர் எனப் பெயர் வைத்தவர்களுக்கு உங்கள் அலமாரியைத் தெரியாது.

கொண்டுவாருங்கள்.

மகளின் அம்மா


ஜூலை 1

வேகத்துக்கு,

ஆபீசில் உன்னை அப்படித்தான் கூப்பிடுவோம், ஞாபகம் இருக்கும். நிமிஷத்துக்கு நூற்றைம்பது எடுத்த ஒரே ஆள் நீ. குறட்டை ஜோக்கை நான் சொன்னது அந்த வயிற்றெரிச்சலில்தான். மன்னித்துவிடு என்று எழுதத் தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

நோட்டு இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுவருமுன் ஒன்று சொல்ல வேண்டும். சீட்டு வைக்கவில்லை என்று இருபத்தெட்டு வருஷம் நீ உன்னையே குத்திக்கொண்டிருக்கிறாய், நானும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது. அன்றே, அந்த நிமிஷமே வந்தது. அந்த ஹெட்போனில் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் கேட்கும், வாஸ்தவம். ஆனாலும் பெரியவர் வாக்கியத்தை முடிக்கும்போது சின்னதாக ஒரு செருமல் செருமுவார். ஆறாம் விளக்கு எரியும்போது அந்தச் செருமல் கேட்டது. குரல் பெரியவருடையது, விளக்கு ஆறு. நான் விளக்கை எழுதினேன்.

எழுந்து நான்கு எட்டு வைத்தால் நீ. 'உள்ள இடம் மாறி உக்காந்திருக்காங்களா' என்று ஒரு கேள்வி. கேட்டிருந்தால் நீ சொல்லாமல் இருந்திருக்க மாட்டாய். ஆனால் முதலில் பேசினது நான்தான் என்று ஆகிவிடுமே. அதனால் கேட்கவில்லை.

அதோடு விட்டேனா. குறிப்பைப் பெரியவரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனது நான்தான். நான்காம் பக்கத்தில் அந்த வரி வந்ததும் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். போட்டுவிட்டார். அப்போது இன்னும் யாரும் சாகவில்லை, ஒரு வரிதானே என்று அவருக்கும் தோன்றியிருக்கலாம். அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்வது. என் மனசில் இருந்தது தெரியும்.

பாடநூல் துறைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். ஐயா முன்னால் நானே படிக்கிறேன், என் கையெழுத்தை வேறு யாராலும் படிக்க முடியாது.

ரப்பர்


ஜூலை 8

ரப்பருக்கு,

சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டீர்கள். எனக்கும் ஒரு மாதிரி நல்லதாகத்தான் போயிற்று, என்ன பேசியிருப்போம்.

நீங்கள் படிக்கும்போது நான் ஐயாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவ அறை யோசனை வந்ததும், 'இது நான் சொன்னதா' என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டார். ஆற்றங்கரை வரியை மூன்று தரம் படிக்கச் சொன்னார். செருமலைப் பற்றி நீங்கள் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் அந்தச் செருமல் தெரியும்போல. அப்போதுதான் நம்பினார்.

சந்தோஷப்படுவார் என்று நாம் ரெண்டு பேரும் எதிர்பார்த்தோம். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

'நான் சொல்லலை, சரி. ஆனா அவர் சொன்னப்ப நானும் அங்கதானே இருந்தேன். வேண்டாம்னு சொன்னேனா? பாருங்க, அது எழுதியிருக்கா?'

நீங்கள் பக்கத்தைத் திருப்பினீர்கள். கண்ணாடியைத் துடைத்தீர்கள். 'இருக்குங்கய்யா' என்றீர்கள். 'மழை முடியட்டும், கொஞ்சம் பொறுக்கலாமேன்னு சொன்னீங்க. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க.'

நான் உங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் கையெழுத்தை வேறு யாராலும் படிக்க முடியாதுதான், என்னைத் தவிர. அந்த வரிக்கு அப்புறம் மூன்றாம் விளக்கு, சர்க்கரை இறக்குமதி. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பெரியவருக்கு எதிராக அவரும் வாய் திறக்கவில்லை, மற்ற ஐந்து பேரும் திறக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவர் முகம் அப்படி இருந்தது. இப்போது பேப்பர் கடைக்காரர், சலூன்காரர், பக்கத்து வீட்டு டீச்சர் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, 'நான் பொறுக்கச் சொன்னேன், என் ஒருத்தன் பேச்சு எடுபடலை' என்று. நன்றாகச் சாப்பிடுகிறார். உங்கள் கடிதத்தைப் பார்த்துப் பாடநூல் அதிகாரி நேற்று வந்தார். அவரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக்கொண்டு போனார்.

உங்களைத் திட்ட உட்கார்ந்தேன். திட்ட வரவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் படித்திருப்பேன்.

வேகம்


ஜூலை 13

வேகத்துக்கு,

நீ பார்த்துவிட்டாய் என்று அப்போதே தெரியும். அதனால்தான் ஓடிவந்தேன்.

அதிகாரி புதுப் பிரதி கொண்டுவந்தார். பிரசவ அறைகளை மராமத்து அமைச்சர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். இரக்கமின்றி என்ற வரியை எடுத்துவிட்டார்கள். அந்த வாக்கியம் பெரியவருடையது என்று எழுத மட்டும் குழு ஒப்பவில்லை, 'அமைச்சரவை முடிவெடுத்தது' என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'மராமத்து அமைச்சர் ஒருவர் மட்டும் பொறுத்திருக்கச் சொன்னார்.' அதிகாரிக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கு நல்ல பாடம் சார் என்றார்.

பேனாவை எடுத்தேன். போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவருக்கோ நாம் பட்ட கடன் தீராது, இந்த ஒரு வரியாவது இருக்கட்டுமே. பத்தொன்பது பேர் ஞாபகம் வந்தார்கள். அந்த அறையில் யாராவது ஒருவர் பொறுக்கச் சொன்னார் என்றால் அவர்களுக்காக ஒருவராவது பேசினார் என்று ஆகிறது. யாருமே பேசவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டு 'எவரும் மறுக்கவில்லை' என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் பொய் படித்தேன் என்பதையும் அதிகாரியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடும் பேச்சையே எடுக்காமல் போய்விட்டார்.

இப்போது உன்னிடம் மட்டும் ஒன்று. புத்தகம் ஜனவரியில் வருகிறது. ஐயா முதல் ஆளாக வாங்கிவரச் சொல்லிப் பார்ப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. பயந்துவிட்டேன். அவர் சாவுக்குக் காத்திருக்கிற ஆளாக நான் ஜனவரி வரை இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். படித்தது பொய் என்று நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். நீ கூட இருந்தால் போதும், பேச வேண்டாம்.

ரப்பர்


ஜூலை 16

ரப்பருக்கு,

இதில் ஒரு பிரதியை மகள் வீட்டு விலாசத்துக்கும் அனுப்புகிறேன், எது முதலில் வருகிறதோ.

ஐயா நேற்று மத்தியானம் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர்தான். காலையில் என் நிலையத்துக்கு வந்து மனு சொன்னார். வீட்டுமனை கேட்டுத்தான். முதல் வரி மாறியிருந்தது. 'அன்று நான் சொல்லியும் கேட்காததால் வீடிழந்த மக்களுக்காக' என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, நீயும் உன் வீட்டுக்காரரும் எனக்குச் செய்ததை மறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தங்கை மகன் வந்து சொன்னபோது கையில் இருந்த தாளை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. இனி யாரும் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்தப் பையன் எதிரில் அழுதுகொண்டு நிற்கிறான், நான் அப்பாடா என்று உட்கார்ந்திருக்கிறேன். அழுகை அப்புறம்தான் வந்தது, அதுவும் அவருக்காக இல்லை.

இதை வேறு யாரிடம் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

வேகம்